ஜாபேஸ் ஊட்டில் ஸ்தோத்திரம் இல்லை

கோத்தகிரிக்குப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் இருபத்தேழு வருஷம் இலை வாட்டிய ஜாபேஸுக்கு ஒரு டம்ளர் டீ போடத் தெரியாது. மனைவி பிரிஸில்லா இருந்தவரை இதைச் சொல்லி ஊரே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர்கள் சபையில் வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபக் கூட்டம். இருபத்துமூன்று வீட்டுக்கும் முறை வைத்து வரும். பாட்டு, பிரசங்கம், பிறகு டீ, வடை. வடைக்கு முன்னால் ஒரு வேலை உண்டு. வீட்டுக்காரர் எழுந்து, கர்த்தருக்கு நன்றி சொல்ல ஒன்றும் கர்த்தரிடம் கேட்க ஒன்றும் சொல்ல வேண்டும். முன்னது ஸ்தோத்திரக் குறிப்பு, பின்னது ஜெபக் குறிப்பு. ஓய்வுபெற்ற லோயிஸ் டீச்சர் நோட்டில் கட்டம் போட்டு இரண்டையும் எழுதிக்கொள்வார். பரலோகத்தில் இதற்கு நகல் கேட்பார்களா என்று தெரியாது. கேட்டால் கொடுக்க டீச்சர் தயார்.

போன முறை ஜாபேஸ் வீட்டில் கூட்டம் நடந்தபோது, பிரிஸில்லா உள்ளறையில் வயிற்றுக் கட்டியோடு படுத்திருந்தாள். கோயமுத்தூர் டாக்டர்கள் கைவிரித்தாயிற்று. சபை கைவிரிக்கவில்லை. சுகம் கொடு என்று கேட்பதைவிட, கொடுத்துவிட்டாய் என்று முன்கூட்டியே நன்றி சொல்வதுதான் பெரிய விசுவாசம் என்பது அங்கே வழக்கம். ஆகவே ஜாபேஸ் எழுந்து, "பிரிஸில்லா பூரண சுகமானதுக்கு ஸ்தோத்திரமுங்க" என்றார். முப்பது பேர் கை தட்டினார்கள். டீச்சர் தேதி போட்டு எழுதினார்.

உள்ளேயிருந்து பிரிஸில்லா கேட்டாள்: "அப்ப நானே எந்திரிச்சு வடை சுடட்டுங்களா?"

பதினோராம் நாள், மேட்டுப்பாளையம் இறக்கத்தில், ஆம்புலன்ஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது அவள் உயிர் போனது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கம் கொண்டுவந்தார்கள். பரலோகத்தில் பூரண சுகமாகிவிட்டாள் என்றார் ஒருவர். அப்படிப் பார்த்தால் நோட்டில் தப்பே இல்லை. அந்த வீட்டில் யாருக்கோ விசுவாசம் பத்தவில்லை என்றார் இன்னொருவர், ஜாபேஸ் இருக்கும் பக்கம் பார்க்காமல். ஜாபேஸுக்கு அதுதான் தைத்தது. கை தட்டல் கேட்டபோதே, சவப்பெட்டிக்கு எங்கே சொல்வது என்று மனசின் ஓரத்தில் ஒரு நினைப்பு ஓடியது உண்மை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். ஃபேக்டரி, வீடு, பக்கத்து வீட்டு மருதாம்பாள் கொடுக்கும் குழம்பு, தூக்கம். தூக்கம் என்று சொன்னது மரியாதைக்கு.

ஐந்து மாதம் கழித்து அடுத்த சுற்றுக்கான பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் இருபத்திரண்டு வீடுதான் இருந்தது. இரக்கப்பட்டு அவர் வீட்டை எடுத்திருந்தார்கள். ஐந்து மாதமாகக் கடவுளை வாசலோடு நிறுத்தியிருந்த மனுஷனுக்கு, கடவுளும் வர மாட்டார் என்பதை எழுத்தில் பார்த்ததும் பொறுக்கவில்லை. நேராக டீச்சர் வீட்டுக்குப் போனார்.

"ஏனுங்க டீச்சர், எங்க ஊட்டைக் காணோமுங்க?"

"உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னுதான் உட்டுட்டோமுங்க."

"தொந்தரவு பண்ணுங்க. வியாழக்கெழமையானா ஏதாச்சும் ஒரு ஊட்ல பாட்டுச் சத்தம். எங்க ஊட்ல ஃப்ரிட்ஜ் மட்டுந்தான் சத்தம் போடுது."

டீச்சர் பட்டியலில் சேர்த்தார். முறை வந்த அன்றைக்கு மதியம் மருதாம்பாள் டீ போடக் கற்றுக்கொடுத்தாள்.

"தூளைப் போட்டதும் எறக்கோணுமுங்ணா. இப்படிக் கொதிக்க உட்டா கசாயம். இத்தன வருசமா அந்த ஃபேக்டரில என்னதான் பண்ணுனீங்க?"

"இலைய வாட்டுனேன் அம்மிணி. இங்க பாலு, சக்கரையெல்லாம் வருதே."

கூட்டம் நடந்தது. பாடினார்கள். பிரசங்கத்தில், பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபு வந்தார். துக்க வீட்டுக்கு அவர் வராமல் இருக்க மாட்டார். பிறகு டீச்சர் நோட்டைத் திறந்து, "ஸ்தோத்திரக் குறிப்பு?" என்றார்.

ஜாபேஸ் எழுந்து நின்றார். "ஒண்ணுமில்லீங்க."

டீச்சரின் பேனா நின்றது. அத்தனை வருஷத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்ததில்லை. முன்வரிசையிலிருந்த சபை வாலிபன் பிரைட்டன் உதவிக்கு வந்தான். "இவ்வளவு நாளும் நடத்துனாரேன்னு சொல்லுங்க அங்கிள்."

"நடத்துனாரான்னு எனக்குத் தெரியல தம்பி. போன தடவ தெரியாததச் சொல்லி எழுத வெச்சேன். மறுக்காவும் பொய் சொல்லி அவருகிட்டப் போக முடியாது."

ஜாபேஸுக்கே ஆச்சரியம், அவருகிட்டப் போக வேண்டும் என்று வாயில் வந்துவிட்டதே என்று.

"சரிங்க," என்றார் டீச்சர். "அது காலியாவே இருக்கட்டும். ஜெபக் குறிப்பு?"

"இந்த வியாழக்கெழமை எப்படியோ ஓடிருச்சுங்க. மத்த ஆறு நாளுக்கும் ஏதாச்சும் வேணும்."

டீச்சர் இதை ஒழுங்கான வாக்கியமாக மாற்றிப் பார்த்தார். வரவில்லை. சொன்னபடியே எழுதினார். அதற்காக ஜெபித்தவர்கள் அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடித்தார்கள். ஆறு நாளை நிரப்பும் வார்த்தை யாரிடமும் இல்லை. டீயைக் குடித்தவர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள். அது விசுவாசம்.

வெள்ளியும் சனியும் ஞாயிறும் வழக்கம்போலத்தான் போயின. பிரிஸில்லா இல்லாத வீடு அப்படியேதான் இருந்தது.

அடுத்த வியாழன் கூட்டம் பிரைட்டன் வீட்டில். ஜாபேஸ் போய், வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவர் மூடவில்லை. உள்ளே யாரோ ஒரு பெண் ஜெபத்தில் அவர் பேரைச் சொல்லி, "ஆறு நாளைக்கும் ஆண்டவரே" என்று நிறுத்தினாள். அதற்கு மேல் அவளுக்கும் வரவில்லை. ஜாபேஸ் எழுந்து, நிலைப்படியைத் தாண்டி, உள்ளே கிடந்த பாயில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார்.