ததும்ப நிரப்பிய பாட்டில்கள்

வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் டாக்சியை நிறுத்தி, டீ வாங்கித் திரும்புகிறேன். பெட்டாலிங் ஜெயா ஆய்வகத்துக்கு என்னை ஏற்றிப்போகும் டாக்சிக்காரர், என் ஐஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே! யாரு தொடச் சொன்னது?"

"வாய் வரைக்கும் ரொப்பி வச்சிருக்கீங்க. சிந்துனா சீட்டு நனைஞ்சிரும் லா."

பவளப்பாறை இரவில் எவ்வளவு கரியமில வாயுவை மூச்சாக விடுகிறது என்று அளப்பதற்காக, தீவில் நான் இருட்டில் முங்கி, துளிக் காற்று புகுந்தாலும் அளவு கெடும் என்று வாய் வரை நிரப்பிப் பிடித்த தண்ணீர்.

"கடல் தண்ணிதானே தங்கச்சி? கிள்ளான் கடல்ல ரொப்பிக்கலாம்."

"பேசாதீங்க!" தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துகிறேன்.

அவர் மூடிகளை மட்டும் இறுக்கி மூடியிருக்கிறார். ஒரு பாட்டிலைக் கவிழ்க்கிறேன். பெரிய குமிழி ஒன்று மேலே ஓடுகிறது. அதற்குள் இருப்பது பிரிக்ஃபீல்ட்ஸ் பஸ் விட்ட புகை.