அரிந்தால் மேசை இல்லை, வேலி

"யோகண்ணை மோசம் போயிட்டாராம், உண்மையே?" என்று அனலைதீவிலிருந்து செல்வமலர் அக்கா தொலைபேசியில் கேட்டபோது நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். யோகன் இறந்த செய்தி அதற்குள் கடல் தாண்டிவிட்டது. காலையில் ஊர்காவற்றுறைப் பட்டறையில் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, நெஞ்சைத் தடவியபடி, "ஒரு நிமிசம் தாரும், வாறன்" என்று எழுந்து பக்கத்து அறைக்குப் போனவர். விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஓடினேன்.

தீவுப்பகுதியில் யோகநாதன் செய்த கதிரையில் இருக்காதவர்கள் குறைவு. அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரியும். கூட வேலை செய்து அதிகம் பட்டவன் நான். அந்த வட்டமேசைக் கதையை நான்தான் சொல்ல வேண்டும்.

செல்வமலர் அக்காவின் அண்ணனும் தம்பியும், எல்லை வேலிக் கதியால் கம்புகளைத் தள்ளி நட்டது யார் என்ற சண்டையில் வழக்கும் போட்டு, வருடக்கணக்காய் முகம் பார்க்காதவர்கள். தாயின் ஆண்டுத் திவசத்திலாவது இருவரையும் ஒன்றாக இருத்திச் சாப்பிட வைக்க அக்கா ஆசைப்பட்டார். அண்ணனுக்கு முழங்கால் வருத்தம், நிலத்தில் இருக்க முடியாது. நீட்டு மேசை என்றால் தலைப்பக்கம் யார் இருப்பது என்று அதற்கும் ஒரு சண்டை வரும். "வட்டமாய்ச் செய்து தாங்கோ. நடுவிலை மட்டும் கோடு தெரியக் கூடாது. தெரிஞ்சால் அதையும் எல்லை எண்டு நிப்பினம்" என்றார். நான் சிரித்துவிட்டேன், யோகன் சிரிக்கவில்லை. முதிரை மரத்தில் அகலமான பலகையாகத் தேடிப் பிடித்து நடுவில் வைத்து, மற்றவற்றை இரு பக்கமும் ஒட்டினார்.

திவசத்துக்கு முதல்நாள், கடைசிப் படகு புறப்படும் நேரத்தில்தான் வினை தெரிந்தது. கால்களைக் கழற்றியும் மேற்பலகை படகின் வாசலுக்குள் நுழையவில்லை. அக்கா வீட்டு வாசலைத் திருப்பித் திருப்பி அளந்த மனிதர், படகை அளக்க மறந்துவிட்டார். தீவில் தச்சுவேலை செய்கிறவன் விடக்கூடாத பிழை. "நடுவாலை அரிஞ்சு கொண்டுபோய் அங்கை பொருத்துங்கோவன்" என்று படகோட்டி வழி சொன்னார். "அரிஞ்சால் அது மேசை இல்லை, வேலி" என்றார் யோகன். படகின் கூரையில் கிடத்திக் கயிற்றால் கட்டி, நாங்களும் பக்கத்தில் ஏறி இருந்தோம்.

தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றுக் காலம். துறையை விட்டு விலகியதும் காற்று பலகைக்கு அடியில் புகுந்து தூக்கியது. படகு ஒரு பக்கம் சரிந்தது. கீழே பிள்ளைகள் அலறினார்கள். "கயித்தை வெட்டிக் கடலிலை தள்ளுங்கோ! நான் ஆக்களை ஏத்தினனான், மேசையை இல்லை!" என்று படகோட்டி கத்தினார். நியாயமான பேச்சு. யோகனும் மறுக்கவில்லை. தன் மடக்குக் கத்தியை என் கையில் தந்தார். "ஒரு நிமிசம் தாரும். நான் கை காட்டினால் வெட்டும்." பிறகு, காற்று வந்த பக்கமாய்ப் பலகையின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டார். கயிற்றை வெட்டினால் இவரும் சேர்ந்துதான் போவார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆரிட்டையாவது அரிசி மூட்டை இருக்கோ?" என்று அவர் கீழே பார்த்துக் கேட்டார். ஒரு பெண் தன் மூட்டையைத் தூக்கித் தந்தார். அடுத்துக் கோழித்தீன் பை ஒன்று வந்தது. அவற்றை அவர் பக்கத்தில் அடுக்கியதும் பலகை அடங்கி, படகு மெல்ல நிமிர்ந்தது. நான் கத்தியை மடக்கவில்லை. அனலைதீவுத் துறை வரும்வரை அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பலகையை விடவேயில்லை.

மறுநாள் படையல் முடிந்து எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே, இலையை விட்டுக் கண்ணெடுக்காமல். அடுப்பெரிந்த குசினி வாசலில் நின்ற யோகன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். நெடுநேரம் கழித்து அண்ணன், தலையைத் தூக்காமலே, "அந்தப் பருப்பை இஞ்சாலை தள்ளு" என்றார். தம்பி தள்ளினார். அவ்வளவுதான். அக்கா குசினிக்குள் வந்து அழுதார்.

யோகனின் இறுதிக்கிரியைக்கு அந்த இருவரும் ஒரே படகில் வந்தார்கள். பாடையை ஆளுக்கொரு பக்கம் தோளில் வாங்கினார்கள். வேலி வழக்கு இன்னும் நடக்கிறதாம்.

அந்தக் கத்தி என்னிடம்தான் இருக்கிறது. அவர் திருப்பிக் கேட்கவேயில்லை. பலகை பிளந்து, ஆத்திரத்தில் எதையாவது தூக்கி எறியப் போகும்போது, "ஒரு நிமிசம் தாரும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்று கடலில், தெரியாத ஆட்கள்கூட அவர் கேட்ட நிமிடத்தைக் கொடுத்தார்கள். கடைசியாய்ப் பட்டறையில் என்னிடம் கேட்டபோது, அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்க என்னால் முடியவில்லை.