ஒரு கை மோர்மிளகாய்க்கு இரண்டு பழம்

எங்கள் அப்பா ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ் ஓட்டினார். தெருமுனையில் அவர் அடிக்கிற ஹாரனைக் கேட்டால் போதும், நான் படிப்பை மறந்துவிடுவேன். மறக்கிற அளவுக்கு அங்கே ஒன்றும் இருந்ததில்லை, அது வேறு விஷயம்.

எனக்கு எட்டு வயது நடந்தபோது, லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து வேண்டியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். பிரஷர் ஏறிக் கிடந்தது. மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைத்துப் பழமும் கீரையும் சேர்க்கச் சொன்னார். ஒரு மாசத்தில் இறங்கினால்தான் கையெழுத்து.

அம்மாவுக்குக் குறைக்கத் தெரியாது. உப்பு ஜாடியையே பரணில் ஏற்றிவிட்டாள். ஆனால் சப்பென்ற சோறு அவருக்கு எப்படி இறங்கும் என்று மனசு கேட்காமல், வறுத்த மோர்மிளகாய் நாலு வைப்பாள். அவளைப் பொறுத்தவரை அது மிளகாய், உப்பில்லை.

அப்போது பள்ளிக்கூடம் லீவு. மத்தியானச் சோற்றை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோவது என் வேலை. முதல் நாளே அப்பா தூக்குச்சட்டியைத் திறந்து முகம் சுளித்தார்.

"ஏட்டி, இந்தப் பழம், கீரையெல்லாம் நீ தின்னு. நாளைக்கு வாரப்ப டப்பாவுல இருந்து ஒரு கை மோர்மிளகா அள்ளிட்டு வா. அம்மாட்ட மூச்சு விடாத."

ஒரு கை மிளகாய்க்கு இரண்டு வாழைப்பழம்! இப்படி ஏமாறுகிற மனுஷர் உலகத்தில் உண்டா என்று நினைத்துக்கொண்டேன். கீரையை அங்கே திரியும் ஆட்டுக்குப் போட்டுவிடுவேன். மாசக் கடைசியில் நானும் ஆடும் கொழுகொழுவென்று இருந்தோம்.

மறுபடி டாக்டரிடம் போனோம். பிரஷர் முன்னைவிட ஏறியிருந்தது.

"உப்பக் கண்ணுலயே காட்டலைங்க. மோர்மிளகாதான் கடிச்சுக்கிட்டாக" என்றாள் அம்மா.

"ஏம்மா, மோர்மிளகாய உப்புப் போட்டு ஊற வைக்காம பன்னீர்லயா ஊற வைக்கிறீக? சரி, பழம், கீரையாவது தின்னாரா? அதுல உள்ள சத்து உப்போட ஆட்டத்தக் கொஞ்சம் அடக்குமே!"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"தெனமும் தின்னேங்க" என்றார் அப்பா.

கையெழுத்து கிடைக்கவில்லை. முதலாளி அவரை ஷெட்டில் பஸ் கழுவும் வேலைக்கு மாற்றிவிட்டார். இனி அப்பா பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க அப்பா இனிமே பஸ் ஓட்டமாட்டாகளே!" என்று தெரு முழுக்க வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

ஒருத்தர்கூட என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை. நம் வீட்டு நல்ல சேதி என்றால் இந்தத் தெருவுக்கு எம்புட்டுப் பொறாமை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.