தனக்கோடி தெரு

தெருப் பெயர்ப் பலகையை மூடியிருந்த சிவப்புத் துணியை ஆலைத் தொழிற்சங்கத்துக்காரர் இழுத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற அத்தை மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். கத்திவிடக் கூடாதென்றுதான் அவள் பொத்திக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும்.

புதுச்சேரியில் எங்கள் ஆலைக் குடியிருப்பின் தெருக்களை வாசித்தாலே முதலாளி வீட்டு வம்சம் விளங்கிவிடும். ஆலையைத் தொடங்கிய பெரியவர் பேரில் நாங்கள் இருந்த நீளத் தெரு. அதை வெட்டிப்போகும் குறுக்குத் தெரு அவர் மகன் பேரில். சின்ன வயதிலேயே காய்ச்சலில் போன பேத்திக்கு ஒரு சந்து. எல்லாம் பிரெஞ்சுக்காரர் காலத்து நீலத் தகடுகள். எங்கள் வீட்டு ஆண்கள் அந்தப் பேர்களுக்கு நடுவே தூங்கி எழுந்து, சங்கு ஊதினால் அதே குடும்பத்தின் ஆலைக்குப் போனார்கள்.

அத்தையின் கணவரும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பகல் ஷிப்டில், பஞ்சு பிரிக்கும் மிஷின் மாமாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. மிஷினின் மூடி கழன்று விழுந்து பல மாதமாகியிருந்தது. ஆனால் விசாரணையில், அவர் குடித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்றது நிர்வாகம். சங்கமும் எதிர்த்துப் பேசவில்லை. நஷ்டஈடு வராததைவிட அந்தச் சொல்தான் அத்தையைத் தின்றது. சாராயத்தில் செத்த தகப்பனைத் தூக்கிப் போட்டவர் மாமா. அந்த வாடையே அவருக்கு ஆகாது. அன்று காலை கூழ் கரைத்துக் கொடுத்து அனுப்பியவளுக்குத் தெரியாதா? குழாயடியில் வாய்ச்சண்டை முற்றினால் எவளாவது, "குடிச்சிட்டு மிஷின்ல உழுந்தவன் பொண்டாட்டிதான நீ" என்பாள். அத்தை குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடுவாள்.

எண்பதுகளில் ஆலையை மூடினார்கள். முதலாளி குடும்பம் பங்களாவை விற்றுவிட்டு ஊரைவிட்டே போனது. அதன்பிறகுதான் சங்கத்துக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணி, முதலாளி பேர எடுத்துட்டு நம்ம அண்ணன் பேர வெக்கிறோம். இனிமே இது தனக்கோடி தெரு."

அத்தை சொன்னாள்: "பேரெல்லாம் வேணாங்க. அவுரு அன்னிக்குக் குடிக்கலன்னு மைக்குல ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

அவர் தரையைப் பார்த்தார். "பழசெல்லாம் இப்ப இன்னாத்துக்கு அண்ணி கெளறணும்?"

"அப்ப அவுரு பேரு மட்டும் எதுக்கு?"

விழாவில் அவர் நெடுநேரம் பேசினார். தியாகி என்றார், ரத்தம் என்றார். அத்தை கேட்டதை மட்டும் சொல்லாமல் துணியை இழுத்தார்.

அடுத்த வருஷமே தெருமுனையில் சாராயக்கடை வந்தது. கடைக்குத் தனிப் பேர் எதற்கு? தெருவின் பேரே ஒட்டிக்கொண்டது. வேலை போன ஆண்கள் சாயங்காலமானால், "தனக்கோடிக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினார்கள். புருஷனைக் காணாத பெண்கள், "தனக்கோடிலதான் உழுந்து கெடப்பான்" என்று தேடிக்கொண்டு வந்தார்கள். யாரும் மாமாவை நினைத்துச் சொல்லவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. அத்தை வாசற்கதவைப் பகலிலும் சாத்தியே வைத்தாள்.

கடைசியில் மூச்சிரைப்பு அதிகமாகி அவளைக் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டு எழுதுகிற பெண் எந்தத் தெரு என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என் கையை அழுத்திப் பிடித்தாள். ஆலையைத் தொடங்கிய அந்தப் பெரியவரின் முழுப் பேரையும், மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லி முடித்தாள்.

"அந்தப் பேர மாத்திட்டாங்களேம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"எனக்கு அதான் தெரு, எழுதிக்கோ," என்றாள் அத்தை. "எங்க வூட்டுக்காரரு குடிக்க மாட்டாரு."