தகட்டுக்குள் நின்ற கரண்டு

கால் எலும்பு முறிந்ததற்கு வைத்த தகட்டில் கிருமி பிடித்துக்கொண்டது. புண் ஆறுவதும் மறுபடி சீழ் கட்டுவதுமாக ஆறு மாதம் ஓடியது. எலும்பு இன்னும் கூடவில்லை, தகட்டைக் கழற்றினால் கால் நிற்காது. கழற்றாவிட்டால் கிருமி போகாது. திருநெல்வேலி டாக்டர் ஒருவர், தகட்டின் மேல் கிருமி பாசி மாதிரிப் படிந்திருப்பதால் மருந்து உள்ளே போகவில்லை, தகட்டுக்கே அளவாக மின்சாரம் கொடுத்தால் அந்தப் பாசி விட்டுப்போகும் என்றார். ஆராய்ச்சியில் இருக்கிற முறைதான், பலிக்காவிட்டால் தகட்டை எடுத்தே ஆகவேண்டும் என்றும் சொன்னார். அப்போது என் வீட்டுக்காரர் மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

காலை மரத்துப்போகச் செய்து, மெல்லிய கம்பியைத் தகட்டில் தொடவைத்துக் கரண்டு விட்டார்கள். ஒரு சுருக்குகூடத் தெரியவில்லை. இவ்வளவு பயந்ததற்கு எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஆறு வாரம் தினமும் கட்டு மாற்றி, மாத்திரை தின்று காத்திருக்கச் சொன்னார்கள்.

தென்காசிக்குத் திரும்பினால் குற்றால சீசன் தொடங்கியிருந்தது. சாரல் விழுந்ததும் எங்கள் வீடு சத்திரமாகிவிடும். வருஷம் முழுக்க ஒரு போன் பண்ணாதவர்களுக்கு ஆனி மாதத்தில் எங்கள் மேல் பாசம் பொங்கும். நாத்தனார் தன் புகுந்த வீட்டையே வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு என் கட்டிலில் உட்கார்ந்து, கட்டை அமுக்கிப் பார்த்து நலம் விசாரித்தார்கள். நான் குளிக்க முடியாமல் கிடக்கிற கடுப்பு வேறு எனக்கு.

"மைனி, கரண்டு வச்சாங்களாமே, வலிச்சுதா?" என்று நாத்தனார் கையை நீட்டினாள்.

"ஏட்டி, தொடாத! ஆறு வாரத்துக்குக் கரண்டு தகட்டுக்குள்ளதான் நிக்குமாம். ஈரக்கை பட்டா தூக்கிப் போட்டுரும்."

பச்சைப் பொய். ஆனால் கட்டில் ஒரு நொடியில் காலியானது. எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிற அவள் வீட்டுக்காரரே, "ஆமா, மழைக்காலம்லா, எர்த் ஆவும்" என்று தலையாட்டினார். அதன்பிறகு விசாரிப்பெல்லாம் வாசற்படியோடு நின்றது. காப்பி டம்ளரை முக்காலியில் வைத்து, கம்பால் என் பக்கம் தள்ளினார்கள். அந்தக் கூட்டம் போய் அடுத்த கூட்டம் வந்தபோதும் செய்தி முன்கூட்டியே போயிருந்தது. ராணி மாதிரி இருந்தேன்.

வீட்டுக்காரர் மட்டும் தினமும் காலையில் வந்து கட்டு மாற்றினார். அவர் முகத்தில் சிரிப்பே வராது. உள்ளுக்குள் என் பொய்யை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம் டாக்டர் கட்டைப் பிரித்து அமுக்கிப் பார்த்தார். சீழ் இல்லை. ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருந்தது, எலும்பும் கூடி வந்திருந்தது. "தகடு அப்படியே இருக்கட்டும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், உள்ள இருக்க கரண்ட எப்ப எறக்குவீங்க?"

"எந்தக் கரண்டு? அது அன்னைக்கே நிறுத்தியாச்சே!"

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வெளியே வந்ததும், "நெசமாவே நம்பிட்டீங்களா? பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"பயமில்லாமலா? கையக் கழுவிட்டு, ஈரம் போவணுமேன்னு பத்துத் தடவ தொடச்சிட்டுத்தான் ஒன் காலத் தொட்டேன்."

வெட்கமாக இருந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா, நான் பயப்படுதது தெரிஞ்சு, நீங்க ஒண்ணும் தொட வேண்டாம்னு சொல்லிருப்ப. பொறவு யாரு கட்டு மாத்துவா?"