அண்ணன் சொன்ன மார்க்கம்

என் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன என்று டாக்டர் சொன்ன அன்று, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நின்றபடியே அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அழாதே. என்னோடது ஒண்ணை எடுத்துக்கோ," என்றார்.

என் கணவரின் ரத்த வகை எனக்குச் சேரவில்லை. அண்ணனுக்கு எல்லாம் பொருந்தியது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்க இருந்த சமயத்தில் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன்மா. இந்த உடம்பு அல்லாஹ் நம்மகிட்ட ஒப்படைச்ச அமானிதம், அதுலேர்ந்து எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமையில்ல, ஹராம்னுட்டார். நான் என்ன பண்ணட்டும்?"

எனக்குக் கோபமே வரவில்லை. கூடாத ஒன்றுக்கு அண்ணனைத் தூண்டிவிட்டேனே என்றுதான் பதறினேன். டயாலிசிஸ் முடிந்து வந்து, நிற்க முடியாமல் உட்கார்ந்தே தொழுவேன். ஒவ்வொரு தொழுகையிலும், ஆசைப்பட்ட பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டேன்.

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் வேறு வழி சொன்னார்கள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு தம்பதிக்கும் எங்களைப் போலவே சிக்கல். என் கணவர் அந்த மனிதருக்குக் கொடுத்தால், அவர் மனைவி எனக்குக் கொடுப்பார். என் கணவர் உடனே சரி என்றார். நான்தான் ஹராம் என்று அழுதேன். பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் என்னை ஹஜ்ரத்திடமே கூட்டிப் போனார்.

ஹஜ்ரத் நிதானமாகச் சொன்னார். "கூடாதுன்னு சொல்ற ஆலிம்களும் இருக்காங்கம்மா. ஆனா உயிரைக் காப்பாத்த, கொடுக்கறவருக்குப் பெரிய கேடு வராதுன்னா, விக்காம மனசாரக் கொடுக்கலாம்னு நிறைய பேர் சொல்றாங்க. என் கருத்தும் அதுதான்."

"எங்க அண்ணன்கிட்ட ஹராம்னு சொன்னீங்களே?"

"என்கிட்ட இதைப் பத்தி யாருமே கேட்கலையேம்மா."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். கேள்வியை முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது.

"பயந்துட்டேன்மா. எனக்கு ஏதாவது ஆயிட்டா பசங்க என்ன பண்ணுவாங்க? உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேனே. அல்லாஹ்வை எதுக்குண்ணே முன்னால நிறுத்தினீங்க?"

நானே போனை வைத்தேன்.

நான்கு பேருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன் நடந்தது. நால்வரும் நன்றாக இருக்கிறோம். எனக்குச் சிறுநீரகம் தந்த அக்கா, தலைக்குக் குளிக்கக்கூடப் போனில் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறார், தான் குளித்தால் எனக்கு என்னவோ ஆகிவிடும் என்பதுபோல.

அண்ணன் பெருநாளைக்கு வருகிறார். பிரியாணி பரிமாறுகிறேன், பசங்களை விசாரிக்கிறேன். பேச்சுக்கு நடுவே அவர் 'இன்ஷா அல்லாஹ்' என்னும்போது மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.