நடுவில் கிடந்த கட்டில்

ராஜரத்தினத்தின் வீட்டில் கட்டில் சுவரோரமாகக் கிடக்காது. ஹாலின் நட்டநடுவில் கிடக்கும். சாயங்காலமானால் அவர் மாலைப் பேப்பரோடு வாசலைப் பார்த்து அதில் உட்காருவார். சூடாமணி முறத்தில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு, சமையலறையைப் பார்த்து மறுபக்கம் உட்காருவாள். இரண்டு முதுகும் சாய்ந்துகொள்ளும். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று அசைந்து, எலும்பும் எலும்பும் இடிக்காத ஓர் இடம் கிடைத்ததும் இருவரும் அடங்குவார்கள். பிறகு அவள் கீரையை உருவிக்கொண்டே பாடுவாள். பாட்டு முடிந்ததும் அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அடுத்தது" என்பார்.

நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லும்படியான குரலும் இல்லை அது. கட்டைக்குரல். மயிலாப்பூர் ஹவுசிங்போர்டில் அந்த மாடி முழுக்கக் கேட்கும்.

"யக்கா, நீ ஆரம்பிச்சா எதிர்வூட்டு நாய் எழுந்து கீழ போவுது. மாமா மட்டும் எப்படித்தான் தாங்கறாரோ" என்பாள் பக்கத்து வீட்டுப் பொன்மணி.

"நாய்க்கு இன்னாடி தெரியும்" என்று சொல்லிவிட்டு சூடாமணி அடுத்த பாட்டைத் தொடங்குவாள்.

அவள் தி. நகரில் ஒரு பட்டுக்கடையில் புடவை மடித்துப் போடும் வேலையில் இருந்தவள். காலையில் நின்றால் கடை மூடும்வரை நிற்க வேண்டும், உட்காரக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதுகு விட்டுப்போகும். அப்போதெல்லாம் கட்டில் சுவரோரமாகத்தான் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது பாடுவாள். ஒரு நாள் அவர் எழுந்து, கட்டிலைத் தரதரவென்று நடுவில் இழுத்துப் போட்டார். அதில் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் கையால் தட்டிக் காட்டினார்.

"சாய்ஞ்சுக்கோ."

"சொவுருதான் கீதே."

"சொவுரு சில்லுனு கீது" என்றார்.

ஈக்காட்டுத்தாங்கலில் தகரம் வெட்டும் பவர் பிரஸ்ஸில் வேலை அவருக்கு. எதைச் சொன்னாலும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'சரி' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிற மனிதர். அப்படிப்பட்டவர் மனைவியின் முதுகுவலிக்காகக் கட்டிலை இழுத்துப் போட்டதை சூடாமணி பெரிதாக நினைத்தாள். வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

வேலையெல்லாம் விட்டு வீட்டோடு இருந்த காலத்தில் அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு மகளின் பெயர். பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்கத் தொடங்கினார். பிறகு உட்காருவதே நின்றது. பொழுது சாய்ந்ததும் எழுந்து, உள்ளங்கையால் சுவரைத் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றிவருவார். அவள் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கட்டிலில் தனியாக உட்கார்ந்து பாடிப் பார்த்தாள். வேறு யார் வீட்டுப் பாட்டோ என்பதுபோல் அவளைக் கடந்து போனார்.

மகள் ஜெயபாரதி கேளம்பாக்கத்துப் பக்கம் ஒரு முதியோர் ஹோம் பார்த்து வைத்திருந்தாள்.

"உன் உடம்பு தாங்காதும்மா. நைனாவ அவங்க நல்லா பாத்துப்பாங்க."

"அவருக்கு என்னைத் தெரியற வரைக்கும் அனுப்ப மாட்டேன்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா எங்க இருந்தா இன்னா."

ஆடி முடியட்டும் என்று பேசி வைத்தார்கள். அதற்குள் அடையாறில் மறதி நோயாளிகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு நிலையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஷேர் ஆட்டோவில் சூடாமணி அவரை அங்கே கூட்டிப்போனாள். பழைய வீடு, வேப்பமரம். ஃபிசா என்ற பெண் ஒலியைக் கொண்டு சிகிச்சை செய்பவள். அவருக்குப் பிடித்த பாட்டுகளைக் கேட்டாள். சூடாமணி தான் பாடுகிற பாட்டுகளையே சொன்னாள். வேறெது அவருக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

ஹெட்போனை மாட்டினார்கள். அவர் அதைக் கழற்றி, காலி டப்பாவுக்குள் பார்ப்பதுபோல் உள்ளே பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். எந்தப் பாட்டுக்கும் அதே கதிதான்.

பிறகு ஒரு நாற்காலி. முதுகுப்பக்கத்துக்குள் ஸ்பீக்கர் வைத்தது. வண்டு முரலுவதுபோல் தாழ்ந்த ஒலி எழுப்பும். காதைவிட எலும்புக்குத்தான் அதிகம் எட்டும். "நோய் குணமாகாதும்மா. சில பேரு கொஞ்சம் அமைதியாவாங்க, அவ்வளவுதான்" என்று ஃபிசா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

ராஜரத்தினம் அதில் சாய்ந்தார். சுவரைத் தட்டித் தட்டிச் சிவந்திருந்த கை மெல்ல மடியில் இறங்கியது. முகத்தில் இருந்த தேடல் நின்றது.

"பாருங்கம்மா" என்றாள் ஃபிசா, சந்தோஷமாக.

சூடாமணியால் சந்தோஷப்பட முடியவில்லை. "கரண்ட்டுக்கு அடங்கறாரு. கட்னவளுக்கு அடங்கல" என்றாள்.

ஆடி கடைசியில் ஒரு நாள், அவர் நாற்காலியில் இருக்கும்போதே மின்சாரம் போயிற்று. அந்த ஒலி நின்றது. அவர் எழுந்து சுவரைத் தேட ஆரம்பித்தார். ஃபிசா அவரை வராந்தாவில் இருந்த சாய்மானம் இல்லாத பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஜெனரேட்டரைப் பார்க்கப் போனாள். அவரோ எழுவதும் உட்காருவதுமாக இருந்தார்.

அன்று இரவு ஜெயபாரதிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காலையில் பஸ் கிடைக்காமல் வெகுநேரம் நின்றதில் சூடாமணிக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. பெஞ்சின் மறுபக்கம் உட்கார்ந்தாள். வேறு சாய்மானம் இல்லாததால் பழக்கதோஷத்தில் அவர் முதுகிலேயே சாய்ந்தாள். வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, யாருக்காகவும் இல்லாமல், வாய் தன்பாட்டுக்குப் பாடியது. பாதியில் வரி மறந்துபோய் நின்றுவிட்டாள்.

"அடுத்தது" என்றது பின்னாலிருந்து.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முதுகு விலகிவிடும். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே அடுத்ததைப் பாடினாள். ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்த பிறகும் அவர் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

இரவு மகள் ஃபோன் செய்தாள்.

"ஹோமுக்கு வேணாம்."

"ஏன், உன் பேரச் சொன்னாரா?"

"பேரு சொல்லல. அடுத்த பாட்டு கேட்டாரு."



ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு வந்து, பெஞ்சில் அவர் அடங்கியிருந்ததைப் பார்த்த ஃபிசாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் எழுந்தது. அவருடைய காதைப் பரிசோதிக்கச் சொன்னாள். இரண்டு காதும் ஏறக்குறைய போய்விட்டன, மெஷின் சத்தம்தான் காரணம், இது நேற்று வந்ததல்ல என்றார் டாக்டர்.

"இத்தினி வருசமா என் பாட்டக் கேட்டுக்கினு கீறாரு டாக்டர்" என்று சூடாமணி வாதாடினாள். டாக்டர் பரிசோதனைச் சீட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

ராஜரத்தினத்தோடு பிரஸ்ஸில் வேலை செய்த லாரன்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தபோது அவள் காது விஷயத்தைக் கேட்டுவிட்டாள். லாரன்ஸ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கெல்லாம் தெரியும் அண்ணி. வாயப் பாத்துத்தான் பேச்சே. வூட்டுல சொல்லாதன்னுட்டாரு." நடுவில் கிடந்த கட்டிலை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நீங்க புடவைக்கடைக்குப் போக ஆரம்பிச்ச புதுசு. ஒரு நாள் காலைல சிரிச்சுக்கினே வந்தாரு. கட்டில நடுவுல இழுத்துப் போட்டேன் லாரன்ஸு, இப்போ அவ பாட்டு முதுவுல கேக்குதுன்னாரு."